மூன்றாம் வகுப்பில் இருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை

கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் ஒரு பாதி. கண்டுபிடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிற மறு பாதியை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் உதவியாளன். யாருக்கு உதவி என்று கேட்காதீர்கள். நியமனக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. கால அட்டவணையில் மற்றவர்களைவிட இரண்டு பாடவேளை கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, "இது நம்ம ஸ்கூல் கதைதானே" என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் பாடசாலை ஒரே ஒரு நீண்ட மண்டபம். பதினொரு வகுப்பு. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. கரும்பலகையும் நெஞ்சளவு உயரத் தட்டியும்தான். ஒரு வகுப்பில் இருமினால் நாலு வகுப்புக்குக் கேட்கும். அதிபரையும் சேர்த்து ஒன்பது பேர் படிப்பிக்கிறோம். எல்லோரும் வந்த நாளிலேயே இரண்டு வகுப்பு காலி. மழை நாளில், பயிற்சி நாளில், ஹாலிஎலப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் கிடைக்காத நாளில் எத்தனை காலியாக இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுத்தரம்

போன வருடம் இரண்டாம் தவணை தொடங்கியபோது வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு படிவம் வந்தது. எட்டாம் வகுப்பில் மீத்திறன் மாணவர் யாராவது இருந்தால் பெயர் எழுதி அனுப்ப வேண்டும். பணிமனை ஆட்கள் நேரில் வந்து பரீட்சை வைப்பார்கள். அதில் தேறும் பிள்ளைக்குப் பதுளையில் ஒரு பெரிய பாடசாலையில் விடுதியோடு இடம். பதினொராம் வகுப்புக்குப் பிறகு உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் படிக்கக் கூடிய பாடசாலை அது. எங்கள் பக்கத்துப் பிள்ளை அந்த வாசலுக்குள் போக வேறு வழியில்லை. அதுவும் எட்டாம் வகுப்பில் ஒரு தடவை மட்டும்தான், தவறினால் தவறியதுதான்.

புதிதாக வந்தவன் என்பதால் படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனேன். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பவர் அவர்தான். கரும்பலகைக்குத் தன் கையால் கறுப்பு அடிப்பவரும் அவர்தான். படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெட்டிக்காரப் பிள்ளை இருக்குன்னு எழுதினா, அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு அடுத்த கடிதம் வரும். மெல்லக் கற்கிற பிள்ளை இருக்குன்னு எழுதினா, ஏன் மெல்லக் கற்குதுன்னு கடிதம் வரும். எல்லாரும் நடுத்தரம்னு போடுங்க தம்பி. நடுத்தரத்துக்கு யாரும் கடிதம் போட்டு நான் பார்த்ததில்ல."

கட்டக் கொப்பியில் இரண்டு தாள்

அதே வாரம் அதிபர் கால அட்டவணையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவதும் அழிப்பதுமாக ஐந்து நாள் போனது. எப்படிப் போட்டாலும் ஏதாவது ஒரு வகுப்பு தொடர்ந்து மூன்று பாடவேளை அநாதையாக நின்றது. எட்டாம் வகுப்பு யோகராணி வரவு இடாப்பை வைக்க வந்தவள், மேசையில் கிடந்த அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். மறுநாள் காலையில் கட்டம் போட்ட கொப்பியின் நடுத்தாள் இரண்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

ஒரு வாரத்து அட்டவணை முழுவதும் அதில் இருந்தது. ஹாலிஎலக்காரர் இருவருக்கும் முதல் பாடவேளை இல்லை. எந்த வகுப்பும் தொடர்ந்து இரண்டு பாடவேளை காலியாக நிற்கவில்லை. காலியாக இருக்கும் இரண்டு வகுப்பும் பக்கத்துப் பக்கத்தில் வரவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பக்கத்துல வந்தா ரெண்டு சத்தமும் சேந்துரும் சேர்" என்றாள். அப்படியும் இந்தக் கணக்குக்குள் அடங்காத ஆறு கட்டம் மிஞ்சியிருந்தது. அந்த ஆறிலும் 'யோ' என்று எழுதியிருந்தாள்.

அதிபர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிழை தேடித் தேடிக் கால் மணி நேரம் போனது. பிழை கிடைக்காததால் கீழே கையொப்பம் வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். 'யோ' என்றால் யார் என்று நான் கேட்டேன். "நாந்தான் சேர்" என்றாள். "எங்க வகுப்புக்கு ஆள் இல்லாத நேரத்துலதான் போட்டிருக்கேன். அந்த நேரம் மூணாம் வகுப்பும் காலி. நான் போய் உக்காந்தா அவங்க சத்தம் போட மாட்டாங்க. எங்க வகுப்பு பெரிய வகுப்புதானே, அதுவா இருந்துக்கும்."

அடுத்த புத்தகம்

கணித பாடம் என் பொறுப்பு. நான் உயர்தரத்தில் படித்தது தமிழ், புவியியல், இந்து நாகரிகம். நியமனம் வந்தபோது கணிதத்துக்கு ஆள் இல்லை, எனக்கு வேறு இடம் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின. எட்டாம் வகுப்புப் புத்தகத்தை யோகராணி எனக்கு முன்னால் முடித்துவிட்டாள். ஒன்பதைக் கொடுத்தேன், முடித்தாள். பத்தைக் கொடுத்தேன், அதையும் முடித்தாள். எங்களோடு படிப்பிக்கும் நஸீரா டீச்சர் பதுளை டவுனிலிருந்து தன் தங்கை மகனின் பதினொராம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார்.

பன்னிரண்டாம் நாள் புத்தகம் அட்டை போட்டுத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுத் தாள்: விடைப் பகுதியில் மூன்று விடை பிழை என்று பக்க எண்ணோடு எழுதியிருந்தாள். பிழை புத்தகத்திலா அவளிடமா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மட்டக்களப்பில் கம்பஸில் படிக்கும் கூட்டாளிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "மூன்றும் புத்தகத்தின் பிழை. யாரடா இது?" என்று பதில் போட்டான். அதை அவளிடம் காட்டினேன். அவளுக்கு அதில் பெரிய சந்தோசம் ஒன்றும் வரவில்லை. "இதுக்கு அடுத்த புத்தகம் எங்க இருக்கு சேர்?" என்றாள். பதுளையில் என்றேன். "அந்த ஸ்கூல்லயா? அப்ப நான் அங்கயே போயிர்றேன் சேர், புத்தகம் இங்க வாறத விட அது லேசு."

பிறகு எழுதிக்கொள்வாள்

என் குரல் சின்னக் குரல். முன்வரிசை தாண்டாது. நான் படிப்பிக்கும் ஆறாம் வகுப்புக்கு அடுத்த தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு, முப்பத்துநான்கு பிள்ளைகள். அவர்கள் சத்தம் எழும்பினால் நான் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். ஆகவே யோகராணி போட்ட ஆறு கட்டம் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்குப் பழகிவிட்டால் தெரியும்தானே, ஆறு போதாது என்று தோன்றும். அவளுடைய சித்திரப் பாடவேளையிலும் ஒருநாள் கூப்பிட்டேன். பிறகு விஞ்ஞானப் பாடவேளையில். அந்த ஆசிரியர் குறிப்புச் சொல்லி எழுத விடுபவர்தானே, கெட்டிக்காரப் பிள்ளை பிறகு எழுதிக்கொள்வாள் என்று நினைத்தேன். இந்த வசனத்தை நீங்களும் எப்போதாவது சொல்லியிருப்பீர்கள். கடைசியில் என்னுடைய கணித பாடவேளையிலும் அனுப்பினேன். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நான் தொடங்கினேன், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். தவணை முடிவதற்குள் ஆறு கட்டம் பதினேழு ஆனது. மூன்றாம் வகுப்பை அவள் தேயிலை நிரை மாதிரி வரிசையாக நிறுத்தி வாய்ப்பாடு சொல்ல வைத்தாள். ஒரு நிரை மூன்று மூன்றாக எண்ணும், அடுத்த நிரை நாலு நாலாக. எங்கே இரண்டு நிரையும் ஒரே எண்ணைச் சொல்கிறதோ அங்கே எல்லோரும் கை தட்ட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் அந்தப் பன்னிரண்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். நானும் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு, "என்ன கெட்டிக்காரப் பிள்ளை பாருங்க" என்று நஸீரா டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த கொப்பியைத் திருத்திக்கொண்டே சொன்னார்: "நீங்க கண்டுபிடிச்சது கெட்டிக்காரப் பிள்ளைய இல்ல சேர். சம்பளம் கேக்காத டீச்சர் ஒருத்தர."

விஞ்ஞானக் கொப்பி

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளைச் 'சின்ன டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். தாய் புஷ்பராணிக்கு அது முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவருக்கும் போனில் சொல்லியிருக்கிறார். ஒருநாள் பகல் புஷ்பராணி மலையிலிருந்து கொழுந்து நிறுக்க இறங்கிய கையோடு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் பாடசாலைக்கு வந்தார். கையில் மகளின் விஞ்ஞானக் கொப்பி. பாதி வரைக்கும் முத்து முத்தாக எழுத்து. அதற்குப் பிறகு தலைப்பு மட்டும் எழுதி, கோடு போட்டு, மீதியெல்லாம் வெள்ளை.

"எனக்கு வாசிக்க அவ்வளவாத் தெரியாதுங்க சேர். ஆனா வெள்ளைத் தாள் தெரியும்" என்றார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்: உங்க மகள் கெட்டிக்காரி, எல்லாவற்றையும் தானே படித்துக்கொள்வாள், கவலைப்படாதீங்க. அவர் கொப்பியை மூடினார். கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரிதான் கேட்டார்: "கெட்டிக்காரப் புள்ளன்னா படிப்பிக்க வேணாங்களா சேர்?"

வெறும் பலகை

அன்றைக்கே, அதுவரை அனுப்பாமல் என் மேசையில் கிடந்த படிவத்தை எடுத்து யோகராணியின் பெயரை எழுதி அதிபரின் கையொப்பத்துக்கு வைத்தேன். அவர் பேனையை எடுக்கவில்லை. எழுந்து போய் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பலகையை இழுத்தார். கறுப்பு வார்னிஷ், ஓரத்தில் தங்க நிறக் கோடு, மேலே 'எமது சாதனையாளர்கள்'. கீழே ஒரு பெயரும் இல்லை. பசறையில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் செய்து தந்தாராம். பதினொராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுக்கும் முதல் பிள்ளையின் பெயரை எழுதித்தான் சுவரில் மாட்டுவது என்று அதிபர் சொல்லி வைத்திருக்கிறார். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். யோகராணி சாதாரண தரம் எழுதவும் மூன்று வருடம்.

தூசியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே பேசினார். "பரீட்சை எட்டாம் வகுப்பு முழுக்கத்தானே எழுதப் போகுது, படிவத்துல பேரு இல்லாட்டியும் அவளும் எழுதட்டும். தேறினா நான் தடுக்கப் போறதில்ல. ஆனா நானா கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. இந்த மலையில எட்டு வருஷமா ஒரு பேருக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். கிடைச்ச ஒரே பேர நீங்க பதுளைக்கு பஸ் ஏத்தப் பாக்கிறீங்க."

அவர்கள் வந்த நாள்

வியாழக்கிழமை வருவோம் என்று கடிதம். வாகனம் கிடைத்ததாம், செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்கள். ஆசிரிய ஆலோசகர் ஒருவர், வினாத்தாள் கட்டோடு உதவிக்கு இன்னொருவர். அன்றைக்குப் பார்த்து எங்களில் மூன்று பேர் இல்லை. வாகனம் வளைவில் ஏறும் சத்தம் கேட்டதுமே அதிபர் மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினார்: "வெளி ஆட்கள் வந்திருக்காங்க, மூணாம் வகுப்பு வாய் திறக்கக் கூடாது!" நான் வழக்கம்போல யோகராணியைக் கூப்பிட்டேன். "நீ போய் மூணாம் வகுப்பப் பாத்துக்கோ. பேப்பர் குடுக்கிறப்ப நான் கூப்பிடுறேன்." அவள் பேனையையும் அடிமட்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டே போனாள்.

எட்டாம் வகுப்பில் வினாத்தாள் கொடுக்கத் தொடங்கினார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "சேர், இன்னொரு பிள்ளை இருக்கு" என்றேன். ஆலோசகர் விதிமுறைகளை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். உதவிக்கு வந்தவர் வரிசைகளை எண்ணி, "இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு பேப்பர்" என்றார். எனக்குப் பக்கத்தில் அதிபர் நின்றார். அவருக்குக் கேட்டது. எப்படித் தெரியும் என்றால், அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி மூன்றாம் வகுப்புப் பக்கம் பார்த்தார். முப்பத்துநான்கு பிள்ளைகள் இருந்தும் ஊசி விழுந்தால் கேட்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மூன்றாம் தடவை சொல்லவில்லை.

நேராகப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். இருபது அடிகூட இல்லை. அவள் எழுந்து வந்தால் மூன்றாம் வகுப்பு சத்தம் போடும் என்று பயந்தேன். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நின்றதில், பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு யாரையும் உள்ளே எடுப்பதில்லை என்று அவர் வாசித்த அந்தப் பதினைந்து நிமிடமும் போய்விட்டது. ஆலோசகர் மண்டபத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதிபரின் கையைக் குலுக்கினார்: "இவ்வளவு அமைதியான தோட்டப் பாடசாலைய நான் பார்த்ததே இல்ல. பிள்ளைகள நல்லா வச்சிருக்கீங்க."

'யோ' யார்?

பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது அலுவலகத்தில் தேநீர். ஆலோசகர் கோப்பையோடு சுவரருகே போய் அட்டவணையைப் பார்த்தார். விஷயம் தெரிந்த மனிதர், பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "காலி வகுப்பு பக்கத்துப் பக்கத்துல வராம போட்டிருக்கீங்களே! யார் செஞ்சது?" கீழே அதிபரின் கையொப்பம் இருந்ததால் அதிபர் சிரிக்க வேண்டியதாயிற்று. "இந்த 'யோ' யாரு? ஆசிரியர் பட்டியல்ல இல்லையே?" நான் பணிஸ் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை வாரத்துக்குப் பதினேழு பாடவேளை படிப்பிக்கிறாள் என்று அந்த அறையில் யார் சொல்வது?

"இந்தத் தோட்டத்துப் பிள்ளைதான் சேர், யோகராணின்னு. தொண்டர் ஆசிரியையா வந்து உதவி செய்யுது" என்றார் அதிபர். ஆலோசகர் மகிழ்ந்துபோய் நாட்குறிப்பை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டார். போகும்போது பாடசாலைப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதினார்: கால அட்டவணை மிகச் சிறப்பு, தரம் எட்டில் மீத்திறன் மாணவர் எவரும் இனங்காணப்படவில்லை. இருபத்திரண்டு விடைத்தாளையும் அங்கேயே திருத்த அவருக்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. மூடியை மாட்டிப் பேனையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளைகள் கிடக்கட்டும், இந்த யோகராணி மாதிரி ஆட்கள்தான் தோட்டத்துக்குத் தேவை."

மணி அடித்த பிறகு

இடைவேளை மணி அடித்ததும் அவள் வந்தாள். வாகனம் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. "பேப்பர் குடுக்கிறப்ப கூப்பிடுறேன்னீங்களே சேர்?" என்றாள். அவசரமாக வந்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார்கள் என்று என்னமோ சொன்னேன். எழுதிய பிள்ளை ஒருத்தியின் வினாத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகள் பணிஸ் தின்று முடிப்பதற்குள் அவள் இருபது கேள்வியையும் முடித்துவிட்டாள். தாளை என்னிடம் நீட்டி, "லேசுதான் சேர். நாளைக்கும் வருவாங்களா?"

பணிமனைப் படிக்கட்டு

ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவளுடைய தவணை விடைத்தாள்களையும் அந்த இருபது விடைகளையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன். பணிமனையில் நாலு மேசை மாறி ஐந்தாவதில் ஒரு அலுவலர் உட்காரச் சொன்னார். நல்லவர். இன்னொரு தடவை பரீட்சை வைக்கலாம், ஆனால் அதிபரின் கையொப்பத்தோடு கடிதம் வேண்டும், பிள்ளை ஏன் எழுதவில்லை என்ற காரணமும் வேண்டும் என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அன்னைக்குப் பிள்ளைக்குச் சுகமில்லையா?" இல்லை, வந்திருந்தாள் என்றேன். "அப்ப பாடசாலையில எங்க இருந்திச்சு?" மூன்றாம் வகுப்பில் என்று எழுதினால், அங்கே என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். அதை எழுதினால் தொண்டர் ஆசிரியை யார் என்று எழுத வேண்டும். அப்படி எழுதிய கடிதத்தில் அதிபர் கையொப்பம் வைக்க மாட்டார்; யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் என் பெயரும் வரும். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் வேலையில் நிரந்தரமாக இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். தாளை வெள்ளையாகவே திருப்பிக் கொடுத்தேன். அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பாடசாலைக்கு வந்த பிள்ளை பரீட்சைக்கு வரலன்னா அது எங்க பிழையா தம்பி, உங்க பிழையா?"

பால் டொபி

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை புஷ்பராணி பாடசாலைக்கு வந்தார். மலைக்குப் போகும் உடுப்பில்லை, கோயிலுக்கு உடுத்தும் சேலை. கையில் ஒரு தகர டின். திறந்தால் பால் டொபி, சதுரம் சதுரமாக. பின்னால் யோகராணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "எம் புள்ளைய எடுத்துட்டாங்க சேர்!" என்றார். பதுளையிலிருந்து மகளின் பெயருக்கு அரசாங்க முத்திரை போட்ட கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்திருக்கிறது. முத்திரையையும் பெயரையும் பார்த்ததுமே லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். விடுதிக்கு வேண்டும் என்று ஒரு பெட்டியும் இரவல் வாங்கியாகிவிட்டது.

கடிதத்தை வாங்கி வாசித்தேன். செல்வி யோகராணி, தொண்டர் ஆசிரியை. மீத்திறன் மாணவர்களை இனங்காணல் தொடர்பான ஒருநாள் பயிற்சிக்குச் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சமுகமளிக்கவும். அதிபருக்கு நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, ஏற்கனவே கையில் எடுத்திருந்த டொபியைத் தின்னவும் முடியாமல் திருப்பி வைக்கவும் முடியாமல் அறைக்குள் போய்விட்டார். நஸீரா டீச்சர்தான் புஷ்பராணியை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். நான் செய்ததையும் விடவில்லை. புஷ்பராணி கேட்டு முடித்தார். அழவில்லை. டின்னை மூடினார், பிறகு திறந்து எங்கள் பக்கம் தள்ளினார். "செஞ்சாச்சு, சாப்பிடுங்க. திங்கக்கிழமையிலருந்து எம் புள்ள அதோட வகுப்புலதான் உக்காரும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

யோகராணி மட்டும் நின்றாள். அன்று பரீட்சை எழுத முடியாமல் போனதை அவள் வீட்டில் சொல்லவே இல்லையாம். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முந்தின நாளே தெரியுமாம். அம்மா டொபி கிண்டிக்கொண்டிருந்தாராம், சொல்ல வாய் வரவில்லையாம். அவளைப் பார்த்து என்னை மன்னித்துவிடு என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அந்த நேரத்திலும் எனக்குச் சத்தம் வரவில்லை. அவள் கடிதத்தை என் மேசையில் வைத்தாள். "நீங்க போய்ட்டு வாங்க சேர். மூணாம் வகுப்புல ரெண்டு கெட்டிக்காரப் புள்ளைங்க இருக்கு, பேரு எழுதித் தாறேன். ஆனா அதுங்க எட்டாம் வகுப்புக்கு வந்து அந்தப் பேப்பர எழுதி முடிக்கிற வரைக்கும் இங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

நான் போனேன், மாலையில் சான்றிதழும் தந்தார்கள். ஆகவே பணிமனைப் பதிவின்படி இப்போது எங்கள் பாடசாலையில் மீத்திறன் மாணவரை இனங்காணப் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்கிறார், இனங்காணப்பட்டவர்தான் எவரும் இல்லை.